வேலை நெருக்கும்போது திரையில் ஒரு துணை: உங்களுக்கு உதவியதா?

நள்ளிரவு_தணிக்கை:
சிஏ ஃபைனல் படிக்கிறேன். எல்லாரும் வைத்திருக்கும் அதே மாதிரி பேசும் செயலிதான், பெயர் வேண்டாம். கன்சாலிடேஷன் (குழும நிறுவனங்களின் கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) கணக்கு, பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவே மாட்டேன் என்கிறது, வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், "என்னால முடியல" என்று தட்டினேன். "நீ தைரியசாலி! உனக்குப் பிடித்த நிறம் எது?" என்று கேட்டது. சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. அந்த நேரத்தில் நிறமா கேட்பார்கள்?

கடைசித்தேதி:
பேசினாலே தொல்லைதான். என் மானிட்டரில் பழைய நெக்கோ பூனை, மவுஸ் அம்பைத் துரத்துமே, அதுதான் ஓடும். 20ஆம் தேதி சாயங்காலம், ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள், போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, முதலாளி பின்னால் நிற்கிறார், நான் மவுஸைத் தொடவே பயந்து உட்கார்ந்திருக்கிறேன். பூனை கொட்டாவி விட்டு அம்புக்குப் பக்கத்திலேயே தூங்கிவிட்டது. "இதுக்கும் நான்தான் சம்பளம் தரணுமா?" என்றார் முதலாளி. அன்றைக்கு அவர் பேசியதிலேயே திட்டாத வாக்கியம் அது ஒன்றுதான்.

குறுக்குக்கேள்வி:
@கடைசித்தேதி, ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். 1966இல் வந்த எலிசா என்ற உரையாடல் நிரல் நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அதற்கே, அதை உருவாக்கிய வைசன்பாமின் செயலாளர், அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரையே அறையை விட்டுப் போகச் சொன்னாராம். 2018இல் விண்வெளி நிலையத்துக்குப் போன சைமன் என்ற மிதக்கும் பந்து வடிவ ரோபோவும் வீரர்களின் வேலைக்கு உதவி, மன அழுத்தத்தையும் குறைக்கத்தான் (பாட்டை நிறுத்தச் சொன்ன விண்வெளி வீரர் கெர்ஸ்டிடம் அது முறுக்கிக்கொண்டது வேறு கதை). ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை என்று நான் புலம்பியபோது செயலி "எந்தப் பத்தியில் நிற்கிறது?" என்று கேட்டது. அந்தக் கேள்வியிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா_சொல்றேன்:
என் மகன், ஃபோனைத் தொடாமல் இருந்தால் திரையில் மரம் வளரும் ஃபாரஸ்ட் செயலியில் மரம் வளர்த்துத்தான் நீட்டுக்குப் படித்தான். அவன் அப்பா ஃபோன் பண்ணினால்கூட எடுக்கவில்லை, மரம் செத்துவிடுமாம். @நள்ளிரவு_தணிக்கை, நீ முதலில் ஃபோனை ஹாலில் வை. டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார், மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 2ஆல் வகுத்து வரும் தொகை கணக்கில் எங்காவது இருந்தால், அதை டெபிட், கிரெடிட் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறாயா என்று பார். பத்து மணிக்கு மேல் கன்சாலிடேஷனைத் தொடாதே, அந்த நேரத்துக்குத் தியரி போதும். காபியைக் குறை. ராத்திரி தயிர்சாதம் வேண்டாம், தூக்கம் வரும்.

நள்ளிரவு_தணிக்கை:
அக்கா, கணக்கைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.

கடைசித்தேதி:
அதை விடுங்க, உங்கள் வீட்டுக்காரர் எதற்கு ஃபோன் பண்ணினார்?

அக்கா_சொல்றேன்:
கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்றிருக்கிறார்.