புதுப்பிப்பு: ஸ்டிக்கர் உரித்த படகுக்கு நீலம் திரும்பிவிட்டது

அக்கரைப்பேட்டையில் நிற்கும் எங்கள் பைபர் படகில் பழைய ஸ்டிக்கரை உரித்த பிறகும் எழுத்துகள் நிழலாகத் தெரிகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

பசைக் கறை என்று நினைத்துத் தின்னர் போட்டது வீண். ஸ்டிக்கருக்கு அடியில் ஜெல்கோட், அதாவது பைபரின் மேலே இருக்கும் நிறப் பூச்சு, வெயில் படாமல் பழைய நீலத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள பகுதிதான் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது. ஆக, மீட்க வேண்டியது அதைத்தான்.

800 நம்பர் வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி, இன்னும் நைசான 1000, 1500 என்று நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகேற்றும் பேஸ்ட், கடைசியில் வாக்ஸ். விளிம்புகளில் பாலிஷ் மெஷின் வேண்டாம், ஜெல்கோட் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அப்பா பேசாமல் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். சாய்வெயிலில் பெயரின் முதல் எழுத்து மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. அப்பத்தா பெயர் அது, அப்படியே விட்டுவிட்டோம்.