ஸ்வீட் பீ: கொடி மட்டும் வளர்கிறது, பூவைக் காணோம்

தொட்டிச்செடி:
ஸ்வீட் பீ என்ற வாசனைப் பூக்கொடியை வளர்த்து அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ஸ்பென்சர் வகை, பாக்கெட்டில் கலவை நிறம் என்று போட்டிருந்தது. குளிர் தொடங்கும்போது விதைத்தேன், நன்றாக முளைத்தது, கொடி தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது, இலையெல்லாம் கரும்பச்சை. ஆனால் இத்தனை நாளாக மொட்டே இல்லை. இப்போதுதான் ஒன்றிரண்டு வருகிறது, அதுவும் சின்னதாக இருக்கும்போதே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கம் குளிர் லேசுதான், உறைபனியெல்லாம் கிடையாது, வெயிலும் சீக்கிரம் வந்துவிடும். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. உரம் போதவில்லையா? யூரியா கொஞ்சம் கொடுக்கலாமா?

மண்வாசம்:
யூரியா பக்கமே போகாதீர்கள். இது பயறு, பட்டாணிக் குடும்பம். வேர் முடிச்சில் இருக்கிற பாக்டீரியாவே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும், அதற்கு மேல் தழைச்சத்தைக் கொட்டினால் இலைதான் வரும். கரும்பச்சை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தக்காளிக்குக் கொடுப்பது போல சாம்பல் சத்து கூடுதலான உரத்தை நீர்க்கக் கரைத்து எப்போதாவது ஊற்றுங்கள், போதும்.

கொடிப்பந்தல்:
உரம் ஒரு காரணம்தான், ஆனால் உங்கள் சிக்கல் அங்கே தொடங்கவில்லை என்று நினைக்கிறேன். ஸ்வீட் பீயில் பூ வருவதைப் பகல் நீளமும் தீர்மானிக்கிறது, இதைப் பாக்கெட்டில் பெரும்பாலும் போடமாட்டார்கள். குளிர்காலப் பூ வகை என்று தனியாக உண்டு, வின்டர் எலிகன்ஸ் மாதிரி, அதற்குச் சுமார் 10 மணி நேரப் பகல் இருந்தாலே மொட்டு கட்டும். நடுவில் ஒரு வகைக்கு 11 மணி நேரம். ஸ்பென்சர் போன்ற கோடைப் பூ வகைகளுக்குச் சுமார் 12 மணி நேரம் வேண்டும். நீங்கள் குளிரில் விதைத்தது சரிதான், ஆனால் பகல் நீள்கிற வரைக்கும் அது கொடியாக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, இப்போது மொட்டு விடுகிற நேரம் பார்த்து வெயிலும் வந்து நிற்கிறது. சூடு ஏறினால் இந்தச் செடி சோர்ந்துவிடும், காம்பு குட்டையாகும், கொஞ்ச நாளில் கொடியே காயத் தொடங்கும். கோடை மிதமாகவே இருக்கிற இடங்களில் இதே ஸ்பென்சர் மாதக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும், அதனால் விதையைக் குறை சொல்ல முடியாது.

மொட்டு உதிர்வது நோய் இல்லை. பகலில் சூடு, இரவில் குளிர் என்று மாறி மாறி அடித்தாலும், ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக நின்றாலும், வெளிச்சம் போதாவிட்டாலும் உதிரும், தழைச்சத்து மிஞ்சினாலும் உதிரும். இந்த வருடத்துக்கு ஒன்று செய்யுங்கள்: வேர்ப்பகுதி மண்ணைக் காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு கனமாக மூடாக்குப் போடுங்கள், காலையில் அடிவரை இறங்குகிற மாதிரி தண்ணீர் விடுங்கள், உச்சி வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள். நாள் முழுக்க நிழல் வேண்டாம், அது வேறு வம்பு. அடுத்த முறை கட்டாயம் குளிர்காலப் பூ வகையாகப் பார்த்து வாங்குங்கள். விதைத்ததிலிருந்து பூ வர மூன்று மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும், உங்கள் பக்கம் வெயில் எப்போது சுள்ளென்று அடிக்கும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள்.

தொட்டிச்செடி:
பகல் நீளம் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. நுனி கிள்ளவில்லை, ஒவ்வொன்றும் ஒற்றைத் தண்டாகத்தான் போகிறது. இனிமேல் கிள்ளினால் பலன் உண்டா? அப்புறம் பூ வந்து காய் பிடித்தால் பட்டாணி மாதிரி சமைக்கலாமா?

முல்லைக்காடு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. பார்க்கப் பட்டாணி மாதிரி இருந்தாலும் ஸ்வீட் பீ விதை நஞ்சு, குழந்தைகள் இருக்கிற வீட்டில் காயை விட்டுவைக்காதீர்கள். பட்டாணியோடு சேர்த்து ஒரே பந்தலில் ஏற்றவும் வேண்டாம்.

இப்போது கிள்ளாதீர்கள், வெயில் வந்த பிறகு புதுக் கிளை விட்டுப் பூக்க அதற்கு நேரமில்லை. நாற்றில் இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளியிருந்தால் அடியிலிருந்து கிளைத்திருக்கும். போட்டிக்கு வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே ஒற்றைத் தண்டாக விட்டு, பக்கக் கிளை, பற்றுக்கம்பி எல்லாவற்றையும் நறுக்கிவிட்டுக் கொடியைக் குச்சியில் கட்டிக்கொண்டே போவார்கள், காம்பு நீளமாக வரும் என்பதற்காக. நமக்கு அந்தப் பாடு தேவையா என்ன.

மணம்தான் முக்கியம் என்றால் ஸ்பென்சரையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. 1699 இல் சிசிலியிலிருந்து குபானி என்ற துறவி இங்கிலாந்துக்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் பழைய வகை, அடர் சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னப் பூ, குபானி என்ற பெயரிலேயே விற்கிறார்கள். வாசனையில் அதை மிஞ்சுவது கஷ்டம், வெயிலையும் ஓரளவு தாங்கும். 1901 இல் வெளிவந்த ஸ்பென்சர் வகையில் இதழ் பெரிது, ஓரம் அலை அலையாக இருக்கும், அழகுதான், ஆனால் மணத்தில் எல்லா நிறமும் ஒன்று போல இருக்காது.

மண்வாசம்:
அடுத்த விதைப்புக்கு ஒன்று. எல்லா விதையையும் நகவெட்டியால் கீறச் சொல்வார்கள், தேவையில்லை. ஓர் இரவு ஊறப்போடுங்கள், பருத்ததை அப்படியே விதையுங்கள், கல் மாதிரி கிடப்பதை மட்டும் விதைக் கண்ணுக்கு (காயில் ஒட்டியிருந்த தழும்பு) எதிர்ப்பக்கம் லேசாகக் கீறுங்கள். வேர் ஆழமாக ஓடும், அதனால் அகலத் தட்டை விட டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய் நல்லது, குழாயோடு அப்படியே நட்டுவிடலாம். எலிக்கு இந்த விதை மேல் ஒரு கண் உண்டு, முளைக்கிற வரை மூடி வையுங்கள்.

கொடிப்பந்தல்:
பூ வந்தால் பார்த்துப் பார்த்து ரசித்துக்கொண்டு செடியிலேயே விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பறியுங்கள். காய் பிடித்ததும் வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். விதை வேண்டுமானால் கடைசியில் ஒரு கொடியை மட்டும் விடுங்கள். பூ விரிவதற்கு முன்பே பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொண்டுவிடும், அதனால் பக்கத்தில் வேறு நிறம் இருந்தாலும் அநேகமாக அதே நிறம்தான் திரும்ப வரும். காய் வைக்கோல் நிறத்துக்கு மாறியதும் பறித்துக் காகிதப் பையில் போட்டுவிடுங்கள், விட்டால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையெல்லாம் சிதறிவிடும்.