குதிக்காமல் செய்தால் அது ஹிட் (HIIT: தீவிர வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சி) ஆகுமா?

மாடிவீட்டுக்காரி, மதுரை:
வயது 43. மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகள் எழுவதற்கு முன், விடியற்காலை ஐந்தரைக்கு, கைப்பேசியை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து யூடியூப் காணொளி பார்த்துப் பயிற்சி செய்கிறேன். 'இருபது நிமிடத் தீவிர கார்டியோ' என்று பெயர். அதில் பாதிக்கு மேல் குதிப்புதான்: ஜம்பிங் ஜாக், பர்ப்பி, ஜம்ப் ஸ்குவாட். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா நேற்று, "மேலே மாவு இடிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. மொட்டை மாடிக்குப் போகலாமே என்பீர்கள். அந்தச் சாவியும் அவரிடம்தான்.

குதிப்பை விட்டுவிட்டால் பலன் போய்விடுமா? இன்னொன்று: காணொளியில் வரும் பெண் மூச்சே வாங்காமல் பேசிக்கொண்டே செய்கிறார். எனக்கு மூன்றாவது சுற்றிலேயே நாக்கு தள்ளுகிறது. தினமும் செய்யச் சொல்கிறார். என் கணவரோ நடந்தால் போதும் என்கிறார்.

காலைத்தென்றல்:
அக்கா, தடிமனான யோகா பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள். சத்தம் தீர்ந்துவிடும்.

பழைய விசில், திண்டுக்கல்:
தீராது. பாய் வழுக்காமல் காக்கும், அவ்வளவுதான். அறுபது கிலோ உடல் மேலிருந்து வந்து இறங்கும் அதிர்வைத் தளம் கீழே கடத்தத்தான் செய்யும். பணத்தை மிச்சப்படுத்துங்கள் அம்மா.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் காணொளிகளில் பாதி 'தபாட்டா' என்ற பெயரோடு வருகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் ஒருவர்கூடக் குதிக்கவில்லை. எல்லோரும் நிலையான சைக்கிளை மிதித்தார்கள். 20 விநாடி முழு மூச்சாக மிதிப்பது, 10 விநாடி ஓய்வு. ஏழெட்டுச் சுற்றில் இனி முடியாது என்ற நிலை வந்துவிடும். ஓய்வையும் சேர்த்து நான்கு நிமிடம்கூட முழுதாக ஆகாது. அதே வேகத்தில் ஒருவர் இருபது நிமிடம் சிரித்துக்கொண்டே செய்கிறார் என்றால், அவர் செய்வது வேறு ஏதோ. நார்வேயில் இதய பலவீனம் உள்ள முதியவர்களுக்கு இடைவெளிப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. டிரெட்மில்லைச் சாய்த்து வைத்து மேடேறி நடக்கவிட்டார்கள். நான்கு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவான நடை, இப்படி நான்கு முறை. அங்கேயும் குதிப்பு இல்லை.

தீவிரம் என்பது இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைக்கின்றன என்பது. பாதம் தரையை விட்டு எழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஜம்பிங் ஜாக்குக்குப் பதில் ஒரு காலை மாற்றி ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து, கைகளை முழுதாக மேலே தூக்குங்கள். ஜம்ப் ஸ்குவாட் வந்தால் பஸ்கி எடுத்து, எழும்போது முன்பாதத்தில் நில்லுங்கள். பர்ப்பியில் கால்களைத் தூக்கிப் பின்னால் எறிய வேண்டாம். சுவரோடு ஒட்டிய கட்டிலின் விளிம்பில் கை ஊன்றி, ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து, அதேபோல் முன்னால் கொண்டுவாருங்கள். நடுவே காற்றில் குத்துச்சண்டை. முப்பது விநாடி விடாமல் குத்திப் பாருங்கள், தோள் என்ன சொல்கிறது என்று தெரியும்.

அளவுகோல் வேண்டுமா? வேகச் சுற்றில் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச வரக்கூடாது. ஓய்வில் ஒரு வாக்கியம் பேச வர வேண்டும். வரவில்லையென்றால் காணொளியை நிறுத்துங்கள். அந்தப் பெண்ணுக்கு உங்கள் மூச்சு கேட்காது.

தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி. உங்கள் கணவர் சொல்வதும் சரிதான். உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிர உழைப்பு என்கிறது. இரண்டையும் கலந்துகொள்ளலாம். ஆனால் அவர் நடக்கிறாரா, அல்லது சொல்வதோடு சரியா?

மாடிவீட்டுக்காரி:
சொல்வதோடு சரி, ஐயா. வெளிப் படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கலாமா? இறங்கும்போது மட்டும் வலது மூட்டு கொஞ்சம் வலிக்கிறது.

ஒரு பிசியோதெரபிஸ்ட்:
அப்படியென்றால் இப்போதைக்குப் படிக்கட்டு வேண்டாம் அக்கா. இறங்கும்போது மூட்டுச் சில்லின் மேல் அழுத்தம் கூடும். பஸ்கியிலும் முழுதாக உட்காராதீர்கள், நாற்காலி உயரம் போதும். வலி நீடித்தால் மூட்டை நேரில் காட்டிவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சம் பார்க்கும் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது; ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். இரத்த அழுத்தத்துக்கு அடெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அது சுத்தமாக உதவாது, மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பழைய விசில், திண்டுக்கல்:
நல்ல பதில். நான் சேர்ப்பது ஒன்றுதான்: முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். காணொளியில் அந்தப் பகுதி வந்ததும் விரல் திரையைத் தள்ளத்தான் போகும், எனக்குத் தெரியும்.