கதை சொல்கிறான், வாசிக்க மாட்டேன் என்கிறான் – எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

பிரியா: பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கவின் இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான், ஒரு வரி தமிழ்கூடத் தடுமாறாமல் வாசிக்க வரவில்லை. மிஸ் "சோம்பேறித்தனம், வீட்டில் செல்லம் அதிகம்" என்று சொல்லிவிட்டார். மனசே சரியில்லை.

ராஜேந்திரன் மாமா: இதற்கெல்லாம் வருத்தப்படலாமாம்மா? ஆண் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிப்பார்கள். தினமும் இரண்டு பக்கம் காப்பி எழுத வை. நான்காம் வகுப்பு போவதற்குள் தானாக வந்துவிடும்.

பெரியம்மா: போன வாரம் இங்கே வந்தபோது யானை கிணற்றுக்குள் விழுந்த கதையை எவ்வளவு நேரம் சொன்னான்! அவனைப் போய் யார் மந்தம் என்பது?

சுமதி சித்தி: அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். வாயால் கேட்டால் டக்கென்று பதில், புத்தகத்தைத் திறந்தால் திணறல். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாங்கள், டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பள்ளிகளில் இந்த இடைவெளியைத்தான் முதலில் பார்ப்போம். பிரியா, மதிப்பெண் எவ்வளவு என்று எனக்கு வேண்டாம். எந்த மாதிரித் தப்பு செய்கிறான், அதைச் சொல்.

பிரியா: முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான் சித்தி. "பட்டம்" என்று இருந்தால் "பட்டாசு" என்பான். படம் இருந்தால் சரியாகச் சொல்வான், படத்தைக் கையால் மூடினால் நின்றுவிடுவான். மேல் வரியில் வாசித்த அதே சொல் கீழ் வரியில் வந்தால் புதிதாகப் பார்க்கிற மாதிரி முழிக்கிறான்.

சுமதி சித்தி: எழுதும்போது?

பிரியா: துணைக்கால் விட்டுப்போகும், "காடு" என்றால் "கடு". புள்ளி பாதி இடத்தில் இருக்காது. கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுகிறான். ஆனால் பார்த்து எழுதச் சொன்னால் மணி மணியாக எழுதுவான், ரொம்ப நேரம் ஆகும், அவ்வளவுதான். தமிழ்ப் பாடம் வாசிக்கிற நாள் என்றால் காலையிலேயே வயிறு வலிக்கிறது என்கிறான்.

பெரியம்மா: அந்த வயிற்றுவலிக்குத்தானா ஓமத் தண்ணீர் கொடுத்தோம்?

சுமதி சித்தி: கொம்பு விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். "தேன்" என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது "த்". கண் ஒரு வரிசையில் போகிறது, சத்தம் வேறு வரிசையில் வருகிறது. "கொ" என்றால் இரண்டு பக்கமும் குறி. எல்லாப் பிள்ளைகளும் இங்கே இடறுவார்கள், சில மாதங்களில் தாண்டிவிடுவார்கள். சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தும் ஒரு பிள்ளை அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும். க என்ற ஒரே எழுத்து "கடல்", "தங்கம்", "அகம்" மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது பார், அதுவும் இவர்களுக்குக் கூடுதல் பாரம்.

சுமதி சித்தி: ஆனால் ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதே. நம் பக்கம் பேச்சிலேயே ழ ஒழுங்காக வருவதில்லை, பிள்ளை எங்கிருந்து பிரிப்பான்? எழுத்தைத் திருப்பிப் போடுவதும் ஏழு வயது வரை சாதாரணம்தான்.

ராஜேந்திரன் மாமா: அப்படியென்றால் கண்ணில் ஏதாவது கோளாறா சுமதி? கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா?

சுமதி சித்தி: கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிடத்தான் வேண்டும் அண்ணா. அங்கே குறை இருந்தால் அதை முதலில் சரிசெய்யலாம். ஆனால் டிஸ்லெக்சியா கண்ணில் இருப்பதில்லை. சொல்லைச் சத்தம் சத்தமாகப் பிரித்து, ஒவ்வொரு சத்தத்தையும் எழுத்தோடு சேர்த்து வைக்கிற வேலை மூளையில் சுலபமாக நடப்பதில்லை. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அவற்றால் டிஸ்லெக்சியா சரியாவதற்கு ஆதாரம் இல்லை. 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். கெட்டிக்காரன், வாசிக்க மட்டும் வரவில்லை. வாய்வழியாகவே பாடம் நடத்தினால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம்.

சுமதி சித்தி: பிரியா, மாப்பிள்ளை வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா? இது குடும்பத்தில் தொடரக்கூடியது.

பிரியா: இவரே சின்ன வயதில் சத்தமாக வாசிக்கப் பயப்படுவாராம், அத்தை சொல்லியிருக்கிறார்கள். இப்போதும் நீளமான மெசேஜ் வந்தால் என்னிடம்தான் போனை நீட்டுவார்.

கார்த்தி அண்ணா: சித்தி, என் பொண்ணுக்கு நாலு வயசு. எழுத்தே இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த வயதில் ஏதாவது தெரியுமா?

சுமதி சித்தி: தெரியலாம் கார்த்தி, ஆனால் காதில்தான் தேட வேண்டும். பேச ஆரம்பித்ததே தாமதமா, "முதலை" என்பதை ஐந்து வயது தாண்டியும் "முலதை" என்று மாற்றிச் சொல்கிறாளா, தெரிந்த பொருளின் பெயரே வாயில் வராமல் "அது... அது..." என்கிறாளா, கிழமைகளை வரிசையாகச் சொல்ல முடிகிறதா என்று பார். "அம்மா", "சும்மா" இரண்டும் ஒரே மாதிரி முடிகிறது என்று பிள்ளைகளுக்குத் தானாகவே காதில் விழும், சிலருக்கு விழாது. கொஞ்சம் வளர்ந்த பிறகு "மரம் என்பதில் முதல் சத்தம் என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பார். இதில் ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். பல சேர்ந்து, மாதக்கணக்கில் மாறாமல், குடும்பத்திலும் யாருக்காவது இருந்தால் சும்மா காத்திருக்கக் கூடாது.

ராஜேந்திரன் மாமா: சரி, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பரிசோதனை, சான்றிதழ் என்று போனால் பிள்ளைக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளாதா?

சுமதி சித்தி: அண்ணா, பெயர் இன்றைக்கே ஒட்டிவிட்டதே. சோம்பேறி என்று பிள்ளைக்கு எதிரிலேயே சொல்லியிருக்கிறார்கள். கேட்கக் கேட்கப் பிள்ளை அதை நம்பிவிடும். பத்து வயதில் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன், "எனக்கு மூளை இல்லை மிஸ்" என்பதை மாற்றத்தான் படாத பாடு படுகிறேன். அதனால்தான் இப்போதே என்று அடித்துச் சொல்கிறேன்.

சுமதி சித்தி: சான்றிதழ் பொதுவாக 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள். உதவிக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில், டிஸ்லெக்சியாவும் சேர்ந்த கற்றல் குறைபாடும் ஒன்று. பின்னால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று கேட்க உரிமை உண்டு.

பிரியா: எங்கே போவது சித்தி? தனியாரில் நிறையக் கேட்பார்களே.

சுமதி சித்தி: உங்கள் ஒன்றியத்தில் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சி, கற்றல் சிரமங்களைப் பரிசோதித்து உதவுகிற மாவட்ட இடையீட்டு மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. சென்னை என்றால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 90-களிலிருந்து இதற்காகவே நடக்கிறது, முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. முதலில் உள்ளூரில் பார்ப்போம்.

ராஜேந்திரன் மாமா: அதுவரை அந்தக் காப்பி எழுதுவது?

சுமதி சித்தி: வேண்டாம் அண்ணா. சத்தம் தெரியாமல் பார்த்து எழுதுவது கோலத்தைப் பார்த்துப் போடுவது மாதிரி, கை பழகும், வாசிப்பு வராது. பிரியா, ஒரு தட்டில் அரிசியைப் பரப்பிவிடு. விரலால் "க" எழுதும்போதே "க" என்று சத்தமாகச் சொல்லட்டும். அடுத்து "கா", கால் போடும்போது சத்தத்தையும் நீட்டட்டும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும், அவன் அலுத்துக்கொள்வதற்கு முன்னால் நிறுத்திவிடு. இரவில் நீ கதை வாசி, அவன் கேட்கட்டும். கதை ஆசை விட்டுப்போகக் கூடாது.

பெரியம்மா: போனில் நான் தினமும் ஒரு கதை சொல்கிறேன். எட்டரை மணிக்குக் கூப்பிடச் சொல்.

சுமதி சித்தி: நல்லது அக்கா. பிரியா, மிஸ்ஸிடம் சண்டை போடாதே. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்? இப்போதைக்கு எல்லார் முன்னாலும் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேள். சனிக்கிழமை அவனை இங்கே கூட்டி வா. திருத்தாத நோட்டு எதுவாக இருந்தாலும் கொண்டு வா, அழித்து எழுத வைக்காதே, எனக்குத் தப்புகள்தான் வேண்டும். பரிசோதனை என்று அவனிடம் சொல்லாதே, சித்திப் பாட்டி வீட்டுக்கு விளையாடப் போகிறோம் என்று சொல்.

ராஜேந்திரன் மாமா: பஸ்ஸில் அலைய வேண்டாம். பத்து மணிக்கு வண்டி எடுத்து வருகிறேன், மாப்பிள்ளையையும் வரச் சொல்.

பிரியா: சரி மாமா. பழைய டிக்டேஷன் நோட்டும் இருக்கிறது சித்தி, இரண்டையும் எடுத்து வைக்கிறேன்.