காம்போசிட் (இழையும் பிசினும் சேர்த்துச் செய்த) புரொப்பெல்லருக்கு மாறியவர்கள் யாராவது?

என்னுடையது நானே கட்டிய ஆர்வி-6 சிறு விமானம். 160 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-320 எஞ்சின், பிட்ச் (பிளேடின் சாய்கோணம்) மாற்ற முடியாத அலுமினிய புரொப்பெல்லர். அதிர்வு காரணமாக இந்த ஜோடிக்கு 2600 ஆர்பிஎம்தான் எல்லை. எஞ்சினோ 2700 வரை போகும். அந்த நூறு கண்ணை உறுத்துகிறது. அதனால், தரையில் பிட்ச் மாற்றக்கூடிய காம்போசிட் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

எடை குறையும், சரி. ஆனால் குறைவது மூக்கில். ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்தால் பின்னால் ஏற்றும் சாமானின் எடையைக் குறைக்க வேண்டிவரும். இதை எப்படிச் சமாளித்தீர்கள்? பேட்டரியை நகர்த்தினீர்களா, முன்னால் எடைத் தட்டு போட்டீர்களா?

அப்புறம், சுழலும் நிறை குறைவதால் ஐட்லிங்கில் எஞ்சின் உதறுகிறதா? ஸ்டார்ட் ஆவதில் வித்தியாசம் தெரிந்ததா? மழையில் பறந்தபின் பிளேடின் முன்விளிம்பு எப்படி இருக்கிறது? விற்பவர்கள் சொல்வதைவிட, ஓட்டியவர்கள் சொன்னால் நம்புவேன்.