ஃப்ரண்ட் லோடு மெஷினில் துவைத்த துணியில் வெள்ளைப் படிவு: எந்த டிடர்ஜென்ட், எவ்வளவு?

வெண்பருத்தி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் உள்ளது. ஃப்ரண்ட் லோடுக்கென்றே விற்கப்படும் பவுடரை, பொதியுடன் வரும் கரண்டி நிறைய எடுத்து, குளிர்ந்த நீரில், பெரும்பாலும் 30 நிமிடத் துரிதச் சுற்றில் துவைக்கிறோம். கறுப்பு, கருநீலத் துணிகள் உலர்ந்த பிறகு அவற்றில் வெண்ணிறக் கோடுகளும் திட்டுகளும் தெரிகின்றன. துண்டுகள் விறைத்துப் போகின்றன. கடைசி அலசலின்போதுகூடக் கதவுக் கண்ணாடியில் நுரை நிற்கிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்திலிருந்து லேசான வாடையும் வருகிறது. தோல் எளிதில் சிவந்துவிடும் குழந்தை வீட்டில் இருப்பதால் இதை அப்படியே விட மனமில்லை.

பவுடரை விட்டு லிக்விடுக்கு மாறினால் இது தீருமா? டாப் லோடுக்கான பவுடர் ஒரு பெரிய பொதி மீதமிருக்கிறது; அதைக் குறைந்த அளவில் இதில் போடலாமா? கூடுதல் அலசல் பொத்தானை அழுத்தினாலே போதுமா? விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

நீர்க்குமிழி:

கரண்டி நிறையப் பவுடர், குளிர்ந்த நீர், துரிதச் சுற்று என்று நீங்கள் சொன்ன மூன்றும் ஒன்றுசேர்ந்தால், எவ்வளவு நல்ல டிடர்ஜென்டாக இருந்தாலும் படிவு மிஞ்சும். குளிர்ந்த நீரில் பவுடர் மெதுவாகவே கரையும். துரிதச் சுற்றிலோ அது கரைவதற்கான நேரமும் குறைவு, அலசலும் சுருக்கம். அந்தச் சுற்று, அழுக்கு அதிகமில்லாத சில துணிகளை மட்டும் புதுப்பிப்பதற்காக அமைக்கப்பட்டது. டிரம் நிறையத் துணி போடும் நாளில் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

டாப் லோடு மெஷினில் துணி ஏராளமான நீரில் மூழ்கிச் சுழல்கிறது. ஃப்ரண்ட் லோடு மெஷினில் நீர் மிகக் குறைவு. டிரம் துணியை மேலே தூக்கிச் சென்று கீழே விழச்செய்கிறது, அந்த அடியில்தான் அழுக்கு விடுபடுகிறது. நுரை மிகுந்தால் துணி மெத்தையில் விழுவதுபோல் விழும். அடியின் வலு போய்விடும். அதோடு, நுரை நிறைந்த நீரை வெளியேற்றும் பம்பு திணறுகிறது. இதை உணரும் மெஷின்கள் சுழல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது தாமாகவே இன்னோர் அலசலைச் சேர்த்து நேரத்தை நீட்டிக்கும்.

இதனால்தான் ஃப்ரண்ட் லோடு டிடர்ஜென்டில், சிலிக்கோன் வகையைச் சேர்ந்தவை போன்ற நுரையடக்கும் பொருள்களைக் கலக்கிறார்கள். டாப் லோடு பவுடரை நுரை எழாத அளவுக்குக் குறைத்துப் போட்டால் நுரை அடங்கும். ஆனால் அழுக்கை நீக்கும் பொருளும், நீரின் கடினத்தன்மையைக் கட்டுப்படுத்தும் பொருளும் அதோடு சேர்ந்தே குறைந்து, துணி சரியாக வெளுக்காது. மீதமுள்ள பொதியைக் கையால் துவைக்கும் துணிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டியின் விளிம்புவரை நிரப்புவது பொதுவாக மிகை. உட்புறத்தில் கோடுகள் இருக்கும். துணியின் எடை, அழுக்கு, நீரின் தன்மை ஆகியவற்றுக்கேற்ற அளவு பொதியின் பின்புறத்தில் அட்டவணையாக அச்சிடப்பட்டிருக்கும். அதில் உள்ள குறைந்த அளவில் தொடங்கி, கழுத்துப்பட்டையும் அக்குளும் சுத்தமாகவில்லை என்றால் மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பருத்தித் துணியைப் போட்ட பிறகு டிரம்மின் மேற்பகுதியில் ஒரு கை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். செயற்கை இழைத் துணியாக இருந்தால் பாதி டிரம்முக்கு மேல் வேண்டாம். நெருக்கி அடைத்த துணிக்குள் அலசும் நீர் புகவே புகாது.

சுண்ணாம்புக்கல்:

நீர்க்குமிழி சொன்னவற்றில் ஒன்றுமட்டும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. படிவு தெரிந்ததும் டிடர்ஜென்டைக் குறைப்பது மென்னீருக்குச் சரி. கடின நீரில் அதே செயல் நிலைமையை இன்னும் கெடுக்கலாம். நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புப் பொருளோடு சேர்ந்து கரையாத திரையாகத் துணியில் ஒட்டும். அதைத் தடுப்பதற்கென்று டிடர்ஜென்டில் சேர்க்கும் பொருள்களே போதாமல் போனால், சுண்ணாம்பும் அழுக்கும் மறுபடி இழையில் படிந்து, வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகும். துண்டு மரக்கட்டைத் தன்மை அடையும். ஆகவே படிவு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமல் அளவைத் தொடாதீர்கள்.

வெண்மையான படிவு மூன்று வகைப்படும். உலர்ந்த துணியைத் தூரிகையால் தட்டினால் பொடியாக உதிர்ந்துவிட்டால், அது பவுடரில் சேர்க்கப்படும் சியோலைட் போன்ற நீரில் கரையாத நுண்துகளாக இருக்க வாய்ப்பு அதிகம். அலசல் போதாமல் தங்கியிருக்கிறது. ஈரக் கையால் தேய்க்கும்போது வழுவழுப்பாகி நுரை எழுந்தால், அது மிஞ்சிய டிடர்ஜென்ட். சாதாரண நீரில் அலசியும் போகாமல், நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் கரைந்து, துணி இளகினால் அது சுண்ணாம்பு. துண்டுகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: துவைத்து முடித்த சில துண்டுகளை டிடர்ஜென்ட் எதுவும் போடாமல் வெதுவெதுப்பான நீரில் ஓடவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நுரை திரண்டால், முந்தைய சலவைகளின் மிச்சம் இழையில் தங்கியிருக்கிறது என்று பொருள்.

நீரின் கடினத்தன்மையை லிட்டருக்கு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று குறிப்பார்கள். 60 வரை மென்னீர். 61 முதல் 120 வரை நடுத்தரம். 121 முதல் 180 வரை கடினம். அதற்கு மேல் மிகக் கடினம். சோதனைத் தாள்களைக் கொண்டு வீட்டிலேயே அறியலாம்.

பவுடரா லிக்விடா என்றால், இரண்டையும் வைத்துக்கொள்ளுமாறுதான் சொல்வேன். லிக்விடில் கரையாத துகள் இல்லை, குளிர்ந்த நீரிலும் எளிதில் கலக்கும். எனவே அடர்நிறத் துணிக்கும் குறைந்த வெப்பச் சலவைக்கும் அதுவே ஏற்றது. ஆனால் கறை வெளுக்கும் சோடியம் பெர்கார்பனேட் பல பவுடர்களில் இருக்கிறது, பொதுவாக லிக்விடில் இருப்பதில்லை. வெள்ளைத் துணி, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றை 40 டிகிரிக்குக் குறையாமல், முடிந்தால் 60 டிகிரியில் பவுடரோடு துவைப்பது துணிக்கும் நல்லது, மெஷினுக்கும் நல்லது. லிக்விடை மட்டுமே குளிர்ந்த நீரில் எப்போதும் பயன்படுத்தும் மெஷின்களில் வாடை விரைவில் குடிகொள்ளும். கம்பளிக்கும் பட்டுக்கும் இரண்டுமே வேண்டாம். புரதத்தைச் சிதைக்கும் நொதி இல்லாத தனி லிக்விட் தேவை, ஏனெனில் அந்த இழைகளே புரதம்தான்.

வெண்பருத்தி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்தேன். கறுப்புத் துணியில் இருந்த திட்டு ஈரக் கையில் வழுவழுப்பாகி நுரைத்தது. டிடர்ஜென்ட் இல்லாமல் ஓடவிட்ட துண்டுகளிலும் நுரை கண்ணாடியின் பாதிவரை ஏறியது. எங்கள் நீரின் கடினத்தன்மை 90 என்று தாள் காட்டுகிறது. அப்படியானால் மிஞ்சிய டிடர்ஜென்ட்தான் முதன்மைக் காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே துணியிலும் மெஷினுக்குள்ளும் தங்கிவிட்டதை எப்படி நீக்குவது? துண்டு மென்மையாவதற்குச் சாஃப்ட்னரோ வினிகரோ சேர்க்கலாமா?

திருப்புளி (சலவை இயந்திரப் பழுது நீக்குபவன்):

நீங்கள் எடுத்த முடிவு சரியானதே. 90 என்பது நடுத்தரம். அந்த நீருக்குக் கரண்டி நிறையப் பவுடர் தேவையே இல்லை.

துண்டுகளை டிடர்ஜென்ட் எதுவுமின்றி 60 டிகிரியில், டிரம்மில் பாதி அளவுக்கு மட்டும் போட்டு ஓடவிடுங்கள். நுரை குறையும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். குழந்தையின் துணிகளை, அவற்றின் பட்டியில் குறித்துள்ள வெப்ப அளவில் இவ்வாறே அலசியெடுத்து, இனிமேல் அவற்றுக்குக் கூடுதல் அலசலை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்; மணமூட்டப்படாத டிடர்ஜென்ட் கிடைத்தால் இன்னும் நன்று. மற்ற துணிகளுக்கு அளவைச் சரிசெய்தாலே போதும். மிகையாகப் போட்டுவிட்டு அதை அலசியெடுக்க மேலும் நீரைச் செலவிடுவது முறையான தீர்வு அன்று.

சாஃப்ட்னர் துண்டின் இழைமீது மெல்லிய பூச்சாகப் படிந்து, நீர் உறிஞ்சும் திறனைக் குறைக்கும். உங்களுக்கு இப்போது வேண்டியது படிவை நீக்குவதுதான், இன்னொரு படிவு அன்று. வினிகரைத் தொடர்ந்து ஊற்றினால் ரப்பர் பாகங்கள் பாதிக்கப்படும் என்று மெஷின் தயாரிப்பாளர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். குளோரின் பிளீச்சோடு அது எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

இனி மெஷின். கழற்றிப் பார்க்கும்போது படிவு மிகுதியாகக் காணப்படுவது நம் கண்ணுக்குத் தெரியும் டிரம்மில் அன்று; அதைச் சூழ்ந்துள்ள வெளித்தொட்டியின் உட்சுவரிலும், டிரம்மின் பின்னால் அதைத் தாங்கும் மூன்று கை உலோகச் சட்டத்திலும்தான். அந்தச் சட்டம் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. காரத்தன்மையுள்ள ஈரப் படிவு அதன்மேல் ஆண்டுக்கணக்கில் தங்கினால் அரிப்பு ஏற்பட்டு, ஒரு நாள் கை முறிந்து டிரம் ஆடத் தொடங்கும்; அது பெருஞ்செலவு வைக்கும் பழுது. நீர்மட்டத்தை அளக்கும் குழாயில் சேறுபோல் படிவு அடைத்துக்கொண்டாலும் மெஷின் நீரைத் தவறாக எடுக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை துணி இல்லாமல், டிரம் கிளீன் சுற்றிலோ, இருப்பதிலேயே அதிக வெப்பமான பருத்திச் சுற்றிலோ ஓடவிடுங்கள். பெர்கார்பனேட் கலந்த பவுடர் சிறிதளவு போடலாம். உங்கள் மெஷினில் மிச்சம் நிறைய இருப்பதால், முதல் முறை எதுவும் போடாமல் வெந்நீரில் மட்டும் ஓட்டுங்கள். இல்லையென்றால் நுரை பொங்கி டிடர்ஜென்ட் பெட்டி வழியாக வெளியே வரக்கூடும். ரப்பர் வளையத்தின் மடிப்பைக் கையால் விரித்துப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் வழவழப்பான கருநிறப் படலம் இருக்கும், வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் அதை உலர்ந்த துணியால் துடைத்து, கதவையும் டிடர்ஜென்ட் பெட்டியையும் திறந்து வையுங்கள். குழந்தை உள்ளே ஏறிவிடாதபடி மட்டும் கவனமாக இருங்கள். அந்தப் பெட்டியை வெளியே இழுத்துக் கழுவலாம். கீழே உள்ள பம்பு ஃபில்டரை, முதலில் சிறு குழாய் வழியாக நீரை வடித்துவிட்டுக் கழற்றுங்கள்.

அளவு சரியா என்பதைக் கண்ணாடியே காட்டும். துவைக்கும்போது துணிமீதும் கண்ணாடியிலும் மெல்லிய நுரை இருக்கலாம். அலசல் தொடங்கியதும் அது குறைந்துகொண்டே வந்து, கடைசி அலசலில் தெளிந்த நீர் தெரிய வேண்டும். அப்போதும் கண்ணாடியில் நுரை ஒட்டியிருந்தால், அடுத்த முறை அட்டவணை அளவிலிருந்து இன்னும் கால் பங்கு குறையுங்கள்.