நாக்கு ஓரத்தில் சிவப்பு கலந்த திட்டு: பயாப்ஸிக்குப் பயப்படுபவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பல் மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். கட்டிட வேலை செய்யும் ஒரு அண்ணன் பல் கூச்சம் என்று வந்தார். நெடுநாள் புகையிலை, பாக்குப் பழக்கம். நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளைத் திட்டு, நடுநடுவே சிவப்பு. வலி இல்லை. பக்கத்தில் உரசிய கூர்ப்பல்லை மழுக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன், திட்டு அப்படியே இருக்கிறது. வெறும் வெள்ளையாக இருந்தால்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டேன். சிவப்பு கலந்தால் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடுதல்.

பயாப்ஸி, அதாவது கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும், "கத்தி பட்டா பரவிடும் டாக்டர்" என்று எழுந்துவிட்டார். வலி இல்லாததால் இன்னும் துணிச்சல்.

இந்தப் பயத்தை நீங்கள் எப்படிப் பேசிப் போக்குகிறீர்கள்? சென்னைக்குப் போனால் கூலி போய்விடும் என்கிறார், அதுவும் நியாயம்தான். மதுரையிலேயே சீக்கிரம் பார்த்து, சிவந்த இடத்திலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். சந்தேகமான இடத்தைக் காட்டும் டொலுயிடின் நீலச் சாயத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லாதீர்கள். சாயம் ஏறாவிட்டாலும் பயாப்ஸி தேவைதான். அப்புறம், நோயாளிகளிடம் காட்டத் தமிழில் படத்துடன் அட்டை இருந்தால் அனுப்புங்கள். அடுத்த வாரம் அவர் மனைவியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.